இந்த மதகு எத்தனை வருட மழைக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

வெயில் எறிக்கும் நாளில் வேண்டுமென்றேதான் இதை எழுதுகிறேன். மழை நேரத்தில் வெள்ளத்தைப் பற்றி எழுதினால் ஆயிரம் பேர் பகிர்வார்கள். தை மாதம் வெயில் வந்ததும் எல்லாம் காய்ந்துவிடும், வயலும் காயும், எங்கள் கோபமும் காயும். ஆனால் மதகும் கானும் வீதியும் எந்த அளவில் கட்டுவது என்று தீர்மானிக்கப்படுவது வெயில் காலத்தில்தான். அப்போது நாங்கள் யாரும் அந்த இடத்தில் இருப்பதில்லை.

நான் சம்மாந்துறையிலிருந்து கரையோரப் பக்கம் உள்ள பாடசாலைக்குப் போய் வருகிறவள். வாரத்தில் ஐந்து நாள், போகவும் வரவும் மாவடிப்பள்ளியைக் கடக்கிறேன். இரண்டு பக்கமும் வயல், நடுவில் வீதி. நல்ல காலத்தில் அதைப்போல அழகான பயணம் கிடையாது. மாரியில் வயல் எது வீதி எது என்று தெரியாது, ஓரத்துக் கம்பங்களை வைத்துத்தான் சாரதி வழி பிடிப்பார்.

2024 நவம்பர் 26ஐ இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மத்ரசாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள், வீதியில் வெள்ளம் ஏறியிருந்ததால் உழவு இயந்திரத்தில் ஏறி வந்தார்கள். காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வெள்ளம் அதைப் புரட்டியது. அந்தப் பிள்ளைகளின் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. இதை வாசிப்பவர்களில் அவர்களுடைய உம்மா வாப்பாவும் இருக்கலாம். அந்த வாரம்தான் உயர்தரப் பரீட்சையும் நாடு முழுவதும் இடைநிறுத்தப்பட்டது. இன்றைக்கும் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்துவார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் நிறையக் கேள்விகள் கேட்டோம். ஏன் அந்த நேரத்தில் லீவு கொடுத்தார்கள், ஏன் உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள், ஏன் வீதியை யாரும் மறிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் எல்லாமே ஆட்களைப் பற்றிய கேள்விகள். வீதியைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை: இந்த வீதியும் இதற்குக் கீழே உள்ள மதகுகளும் எவ்வளவு மழைக்கென்று கணக்குப் போட்டுக் கட்டப்பட்டவை?

நான் பொறியியலாளர் அல்ல, கணிதம் படிப்பிக்கிறவள். கல்வியியற் கல்லூரியில் படித்ததும் அதைத்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள் இருக்கும் கணக்கு தரம் 11 பிள்ளைக்கே விளங்கும்.

ஒரு மதகைக் கட்டுகிறவர் முதலில் ஒரு மழையைத் தெரிவு செய்ய வேண்டும். உலகத்தில் பெய்யக்கூடிய எல்லா மழைக்கும் யாராலும் கட்ட முடியாது. அதனால் 10 வருடத்துக்கு ஒருமுறை வரும் மழை, 25 வருடத்துக்கு ஒருமுறை வரும் மழை, 50, 100 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். சின்ன மதகுக்குச் சின்ன எண், பெரிய பாலத்துக்குப் பெரிய எண். இதில் நாங்கள் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நூறு வருட மழை என்றால் ஒருமுறை பெய்துவிட்டு அடுத்த நூறு வருடம் வராது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. ஒவ்வொரு வருடமும் அது வர நூறில் ஒரு வாய்ப்பு. தாயக்கட்டையில் இப்போது ஆறு விழுந்தது என்பதற்காக அடுத்த முறை ஆறு விழாமல் இருக்கப்போவதில்லை. 25 வருட மழைக்குக் கட்டிய மதகு, 25 வருடத்துக்குள் ஒருமுறையாவது தன் அளவுக்கு மேற்பட்ட மழையைச் சந்திக்க எவ்வளவு வாய்ப்பு? வகுப்பில் கேட்டேன். 0.96ஐ 25 தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 64 சதவீதம் வரும். பிள்ளைகள் நம்பவில்லை, கல்குலேட்டரில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்கள்.

இது மழை மாறாமல் இருந்தால் வரும் கணக்கு. மழை மாறினால் அந்த 0.96 என்ற எண்ணே பிழைத்துவிடும். தேசிய காலநிலை அறிக்கைகள் நமக்குத் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறார். எங்கே என்று சொல்லமாட்டேன், நல்ல பிள்ளை, அவருடைய வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது. எங்கள் பாடசாலை வாசலில் புதிதாகக் கட்டிய கான் முதல் மாரியிலேயே நிரம்பி வகுப்புக்குள் தண்ணீர் வந்தபோது அவரிடம் கேட்டேன், இந்தக் கானின் அகலத்தை எப்படித் தீர்மானிப்பீர்கள் என்று. சிரித்தார். “டீச்சர், காசு எவ்வளவு வருதோ அதுக்கேத்த மாதிரித்தான். எத்தின மீற்றர் நீளம் எண்டு எல்லாரும் கேப்பாங்க. அகலத்த ஆரும் கேக்கிறல்ல.”

இந்த ஒரு வசனத்தை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீளம் திறப்பு விழாப் பலகையில் எழுதலாம். படத்தில் தெரியும். அகலம் மழை பெய்தால்தான் தெரியும்.

ஒழுங்காகக் கணக்குப் போட்டால் எதை வைத்துப் போடுவீர்கள் என்று பிறகு கேட்டேன். நீர்ப்பாசனத் திணைக்களம் 1984இல் வெளியிட்ட, பொன்ராஜா அவர்கள் எழுதிய வழிகாட்டியைச் சொன்னார். சிறிய நீரேந்து பகுதிகளுக்கான தலைப்பு வேலைகளை வடிவமைப்பது பற்றியது. நாட்டை மழை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எவ்வளவு நேரத்துக்குள் எவ்வளவு மழை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று காட்டும் வளைகோடுகள் அதில் இருக்கின்றன. தாங்கள் படித்ததும் அதை வைத்துத்தான் என்றார். நான் அந்தப் புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. நம்மவர் ஒருவர் எழுதிய நூலைப் பல தலைமுறைப் பொறியியலாளர்கள் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது பெருமைதான். ஆனால் நான் பிறப்பதற்கு முன் வந்த புத்தகம் அது. அதில் உள்ள மழை 1984க்கு முன் பெய்த மழை.

ஊரில் பெரிய வெள்ளம் என்றால் மூத்தவர்கள் 57 என்பார்கள். எங்கள் தலைமுறைக்கு அது 2011. என் மாணவர்களுக்கு 2024. இடைவெளியைப் பாருங்கள். மூன்று வெள்ளத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது கணித ஆசிரியைக்குத் தெரியும். அதனால்தான் ஊர் ஞாபகத்தை விட்டுவிட்டு, முறையாக அளந்து எழுதப்பட்ட தேசிய அறிக்கை வேண்டும் என்கிறேன். அடிப்படை இயற்பியலில் சந்தேகமில்லை. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதைக் கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். ஆனால் அம்பாறைக் கரையோரத்தில் ஆறு மணித்தியாலத்துக்குள் எவ்வளவு கொட்டும் என்பதை அந்த 7 சொல்லாது. அதை யாராவது உட்கார்ந்து கணக்கிட்டு அரசாங்க முத்திரையோடு ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

நம் நாட்டில் அறிக்கைகள் இல்லையா? இருக்கின்றன. காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. சமவாயத்துக்கு இலங்கை மூன்று தேசிய அறிக்கைகளை அனுப்பியிருக்கிறது. 2016 முதல் 2025 வரைக்கென்று தேசிய இசைவாக்கத் திட்டம் ஒன்று இருந்தது. ஒன்பது துறைகள், அதில் ஒன்று மனிதக் குடியிருப்புகளும் உட்கட்டமைப்பும். நான் அதைத் தரவிறக்கி ஒரு நோன்பு விடுமுறையில் வாசித்தேன். அதில் உள்ளவை பிழை என்று சொல்லமாட்டேன். சொல்லப்பட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டலாம். ஆனால் வாசித்து முடித்ததும் என் பழைய மாணவரின் மேசையில் இருக்கும் மதிப்பீட்டுத் தாள்தான் ஞாபகம் வந்தது. இந்தத் திட்டத்திலிருந்து அந்தத் தாளுக்கு இறங்க ஒரு படிக்கட்டு இல்லை. மேலே ‘தாங்குதிறனுள்ள உட்கட்டமைப்பு’ என்று எழுதியிருக்கிறது, கீழே ‘18 அங்குல ஹியூம் குழாய், 40 மீற்றர்’ என்று எழுதியிருக்கிறது. இரண்டையும் இணைக்கும் எண் நடுவில் இல்லை.

மற்ற நாடுகளில் அந்தப் படிக்கட்டு எப்படி இருக்கிறது என்று தேடினேன். பிரித்தானியாவில் 2008இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாட்டின் காலநிலை ஆபத்துகளை மதிப்பிட்டுப் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். அது அறிக்கை. 2018இல் அங்குள்ள வானிலை அலுவலகம் எதிர்கால மழை, வெப்பம், கடல்மட்டம் பற்றிய புதிய கணிப்புகளை வெளியிட்டது. அது அறிவியல். அதோடு விட்டிருந்தால் அங்கும் அது அலுமாரிக்குள்தான் போயிருக்கும். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் அந்தக் கணிப்புகளை ஒரு அட்டவணையாக மாற்றியது. இந்தப் பிரதேசத்தில், இத்தனை வருடம் நிற்கப்போகும் கட்டடம் என்றால், பழைய மழை அளவோடு இத்தனை சதவீதம் கூட்டு. இடத்துக்கு இடம் 20, 25, 40 என்று அந்த எண் மாறும். வெள்ள ஆபத்துள்ள இடத்தில் வீடமைப்புத் திட்டம் போட விண்ணப்பிக்கிறவர் அந்த எண்ணைச் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். உள்ளூராட்சி அலுவலகத்தில் இருக்கும் சாதாரண உத்தியோகத்தர் காலநிலை விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. அட்டவணையைத் திறந்து எண் சரியா என்று பார்த்தால் போதும்.

எண் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் நல்ல உதாரணம். 2017 ஓகஸ்டில் ஹார்வி புயல் அங்கு கொட்டித் தீர்த்தது. அடுத்த வருடம் அந்த நாட்டின் வளிமண்டலத் திணைக்களம் டெக்சாஸ் மாநிலத்துக்கான மழைப் புத்தகத்தைத் திருத்தியது. ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு நாளைக்கான நூறு வருட மழை 13 அங்குலம் என்றிருந்தது 18 அங்குலமானது. சுமார் 330 மில்லிமீற்றர் 450க்கு மேல் போனது. இதை மறுபக்கமாகச் சொன்னால், நூறு வருட மழைக்கென்று கட்டிய கான்கள் எல்லாம் ஒரே நாளில் 25 வருடக் கான்களாகிவிட்டன. கான் அதே கான்தான், தாளில் இருந்த பொய் மட்டும் திருத்தப்பட்டது. நகரசபையும் வெள்ளச் சமவெளியில் கட்டும் புதிய வீடுகளின் தரைமட்டத்தை உயர்த்தச் சொல்லி விதியை மாற்றியது. இத்தனைக்கும் அந்தப் புத்தகம் கடந்தகால மழையை மட்டும் பார்த்துத் திருத்தப்பட்டது.

அமெரிக்காவைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. தேசிய காலநிலை மதிப்பீடு ஒன்றை நான்கு வருடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்று அங்கே 1990இலேயே சட்டம் போட்டார்கள். ஐந்தாவது 2023இல் வந்தது. ஆறாவதை எழுதிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகளை 2025 ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். பழைய அறிக்கைகள் இருந்த இணையத்தளமும் சில மாதங்களில் காணாமல் போனது. சட்டம் இருந்தாலும் ஆட்சியில் இருப்பவர்களுக்கு மனம் இருக்க வேண்டும்.

நம்மால் முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது. நம் நாட்டிலேயே ஒரு திணைக்களம் செய்து காட்டியிருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையகத்தில் மண்சரிவு ஆபத்து வரைபடங்கள் தயாரித்து, மழைக்கு எண்களையும் வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினால் வெளியேறு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு தாய்க்கும் அது விளங்கும். அந்த எண்ணைக் கேட்டும் ஆட்கள் போகாமல் இருந்த இடங்கள் உண்டு, போக இடமில்லாமல் இருந்த இடங்களும் உண்டு. அது வேறு பெரிய கதை. ஆனால் எண் இருக்கிறது.

எங்கள் தாழ்நிலத்தில் அப்படி ஒரு எண் உண்டா? மாவடிப்பள்ளியிலோ கிட்டங்கித் தாம்போதியிலோ எத்தனை அடி தண்ணீர் ஏறினால் வீதியை மூட வேண்டும், யார் மூட வேண்டும்? கிட்டங்கியால் போய்வரும் ஆசிரியர்களைக் கேளுங்கள். மாரிக்கு மாரி அவர்கள் தண்ணீரின் நிறத்தையும் முன்னால் போகும் வாகனத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஓடுகிற தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தாலே பெரிய ஆளின் காலைத் தள்ளும். ஒரு அடி இருந்தால் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். இரண்டு அடி பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோகும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. உழவு இயந்திரம் உயரமாக இருப்பதால் பாதுகாப்பு என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். நானும் ஏறிப் போயிருக்கிறேன்.

இனி ஊரில் சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்த விபத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எழுந்த பெரிய கோரிக்கை, வீதியை உயர்த்தித் தாருங்கள் என்பது. நியாயமான ஆசை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். வயல்வெளியின் குறுக்கே போகும் வீதியை நான்கு அடி உயர்த்தினால் அது வீதியாக மட்டும் இருக்காது, அணைக்கட்டாகவும் ஆகிவிடும். போகவேண்டிய தண்ணீர் போகத்தான் வேண்டும். திறப்பு போதாவிட்டால் தண்ணீர் வரும் பக்கத்து வயலும் வீடுகளும் முன்பைவிட அதிகமாகத் தாழும். மிச்சத் தண்ணீர் சின்ன வாய்களுக்குள்ளால் முன்பைவிட வேகமாகப் பாயும். ஊருக்குள் காபட் வீதிகளில் இதைச் சின்ன அளவில் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்து, இப்போது வீதி உயரத்தில், வீட்டு வாசல் பள்ளத்தில்.

ஆகவே “வீதியை உயர்த்து” என்று கேட்பதற்கு முன் “எத்தனை வருட மழைக்குத் திறப்பு வைக்கிறீர்கள், அது எந்த வருடத்து மழைப் புத்தகம்” என்று கேட்க வேண்டும். அந்த விடை இல்லாமல் உயர்த்தினால் ஒரு ஊரின் வெள்ளத்தை இன்னொரு ஊருக்குக் கொடுக்கிற வேலையாகிவிடும். சம்மாந்துறையும் காரைதீவும் நாவிதன்வெளியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். தண்ணீரை வைத்து இன்னொரு மனக்கசப்பு எங்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது கசப்பு எங்கள் பக்கத்தில்தான். கானுக்குள் வரும் தண்ணீரைக் கணக்கிட மூன்றை மட்டும் பெருக்குவார்கள்: மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, அந்த நிலம் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சாமல் ஓடவிடுகிறது என்ற விகிதம். புல்லும் மண்ணும் உள்ள இடத்தில் மூன்றாவது எண் 0.2, 0.3 அளவில் இருக்கும். கொங்கிறீட் போட்டால் 0.9. அதாவது மழை ஒரு துளி கூடாமலே, வயலை நிரப்பி வீடு கட்டி முற்றத்துக்கும் கல் பதித்தால், அந்தத் துண்டிலிருந்து வரும் தண்ணீர் மூன்று மடங்காகும். வயல் நிரப்ப அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. எத்தனை பேர் எடுத்திருக்கிறோம்? குமருக்கு வீடு கட்ட வேண்டும், ஊருக்குள் காணி இல்லை, இருப்பது வயல் துண்டு. இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் குடும்பத்திலும் ஒரு வீடு அப்படி நிற்கிறது. ஆனால் காலநிலை மாற்றம் என்ற பெரிய சொல்லுக்குப் பின்னால் எங்கள் கிறவல் லோடுகளை ஒளித்துவைக்க முடியாது.

காசு இல்லாத நாடு, 2022இல் கடன் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு, இதில் பெரிய மதகுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். அதற்கும் கணக்கில் ஒரு பதில் உண்டு. இரண்டு அடிக் குழாயை மூன்று அடியாக்கினால் அதே சரிவில் அது கொண்டுபோகும் தண்ணீர் ஒன்றரை மடங்கல்ல, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் கிடங்கு தோண்டும் இயந்திரம் ஒன்றுதான், வேலையாட்கள் அதே ஆட்கள், மேலே போடும் வீதியும் அதே வீதி. கட்டும்போது கூட்டுவதற்கு ஆகும் செலவு, கட்டியதை உடைத்துப் பெரிதாக்கும் செலவுக்குப் பக்கத்தில் வராது. இதற்கெல்லாம் பட்டம் தேவையில்லை. கட்டும்போதே பெரிதாக்கு என்று சொல்ல ஒரு விதி மட்டும் தேவை.

காசும் மனமும் சில இடங்களில் சேர்ந்து வந்திருக்கின்றன. 2010 நவம்பரில் கொழும்பில் பெய்த மழையில் பாராளுமன்றமே தண்ணீருக்குள் போனது. இரண்டு வருடத்துக்குள் உலக வங்கிக் கடனோடு கொழும்பின் கால்வாய்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் பெரிய திட்டம் தொடங்கியது. 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகாரமும் பெற்றது. நல்ல வேலைதான். எங்கள் வயல்வெளிக்கு நடுவில் பாராளுமன்றம் இல்லை என்பதுதான் எங்கள் குறை.

அளந்து பார்க்காமல், அளந்தவர் சொல்வதைக் கேட்காமல் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. ஒலுவிலுக்குப் போய்க் கடற்கரையில் நில்லுங்கள். 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது, மறுபக்கத்தில் ஒலுவில், நிந்தவூர் கரையைக் கடல் தின்றது. மணல் இந்தக் கரையோரமாக ஓடுகிறது என்பது கரைவலை இழுக்கிற வாப்பாமாருக்கு எப்போதோ தெரிந்த விஷயம்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்து போய்விட்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகத்தில் மண்சரிவு, தாழ்நிலத்தில் வெள்ளம், உடைந்த பாலங்கள், அறுந்த வீதிகள். எங்கள் 2016–2025 இசைவாக்கத் திட்டத்தின் கடைசி வருடத்தின் கடைசி மாதத்துக்கு முதல் கிழமை அது வந்தது. இனி நாடு முழுவதும் மதகும் பாலமும் வீதியும் திரும்பக் கட்டப்படும். கடனாகவும் உதவியாகவும் காசு வரும். அவசரம் என்பதால் பழைய வரைபடத்தை எடுத்து, பழைய அளவில், பழைய இடத்தில் கட்டிவிட்டுப் போவதுதான் இலகு. அப்படிக் கட்டினால் அடுத்த ஐம்பது வருடத்துக்கு அதோடுதான் வாழ வேண்டும். என் மாணவர்களின் பிள்ளைகளும் அந்த மதகைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போவார்கள்.

புதிய தேசியத் திட்டத்தை எழுதப்போகிறவர்கள் 200 பக்கம் எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு பக்கம் சேர்க்கட்டும். மாவட்டம் மாவட்டமாக ஒரு அட்டவணை. 1984 மழையோடு இத்தனை சதவீதம் கூட்டு, சின்ன மதகுக்கு இது, பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் போகும் வீதிக்கு இது. கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்று விஞ்ஞானிகள் தயங்குவார்கள். உண்மைதான், ஒத்துப்போவதில்லை. அதற்காகத்தான் மற்ற நாடுகளில் நடுத்தர எண், உயர்ந்த எண் என்று இரண்டு தருகிறார்கள். தயங்கிக்கொண்டு எண் தராமல் விட்டால் மதகு எண் இல்லாமல் கட்டப்படாது, பழைய எண்ணில் கட்டப்படும். நம் பல்கலைக்கழகங்களில் புதிய மழை வளைகோடுகள் வரைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் மூன்று மொழியிலும் வரட்டும்.

அதுவரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கு இருக்கிறது. படிவம் நிரப்ப வக்கீல் தேவையில்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை. போன கிழமை நான் ஒன்று கொடுத்திருக்கிறேன். என் பாதையில் உள்ள ஒரு மதகைப் பற்றி மூன்று கேள்விகள்:

இது எத்தனை வருட மழைக்கு வடிவமைக்கப்பட்டது?

அந்த மழை அளவு எந்த வருடத்து ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது?

திரும்பக் கட்டும்போது காலநிலை மாற்றத்துக்கென்று எத்தனை சதவீதம் சேர்க்கப்படும்?

படிவத்தை வாங்கிய உத்தியோகத்தர் இரண்டாவது கேள்வியை இரண்டு முறை வாசித்தார். “டீச்சர், இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லயே” என்றார். கோபமாக அல்ல, உண்மையான ஆச்சரியத்தோடு. 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் ஊர் மதகுக்கும் கேட்க விரும்புகிறவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள், என் படிவத்தின் பிரதி அனுப்புகிறேன். பதில் வந்ததும், என்ன பதிலாக இருந்தாலும், இன்ஷா அல்லாஹ் இங்கேயே போடுகிறேன்.